வீட்டு வாசலில் விமானம்: பெருநகருக்கு அருகில் விமானக் குடியிருப்புகள் நிலைக்குமா?

வீட்டுக்குப் பக்கத்தில் வாகனத் தரிப்பிடம் இருப்பது வழமை. அமெரிக்காவின் சில குடியிருப்புகளில் அந்த இடத்தில் சிறிய விமானம் நிற்கிறது. காலையில் கொட்டகையைத் திறந்து, வீதி வழியாகவே விமானத்தை ஓட்டிச் சென்று, ஊருக்குப் பொதுவான ஓடுபாதையிலிருந்து பறந்துவிடலாம். இவையே விமானக் குடியிருப்புகள். உலகில் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை அமெரிக்காவில்தான் இருக்கின்றன.

இதன் தொடக்கம் இரண்டாம் உலகப் போரின் முடிவு. 1939இல் அமெரிக்காவில் சுமார் 34,000 ஆக இருந்த விமானிகளின் எண்ணிக்கை 1946இல் நான்கு இலட்சத்தைத் தாண்டியது. கார் போல விமானமும் வீட்டுப் பொருளாகிவிடும் எனப் பலர் நம்பினர். 1946இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் உருவான சியரா ஸ்கை பார்க், திட்டமிட்டு அமைக்கப்பட்ட முதலாவது விமானக் குடியிருப்பாகக் கருதப்படுகிறது. புளோரிடாவில் டேட்டோனா பீச்சுக்கு அருகிலுள்ள ஸ்புரூஸ் கிரீக், போர்க்காலக் கடற்படை ஓடுதளம் ஒன்றின் மீது எழுந்தது. இன்று அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன.

இத்தகைய ஊரின் அமைப்பே வேறு. கலிபோர்னியாவின் தலைநகர் சக்ரமெண்டோவிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கமரன் பார்க்கில், விமானமும் காரும் விலகிச் செல்வதற்காக வீதிகள் 100 அடி அகலத்தில் போடப்பட்டுள்ளன. இறக்கைகள் தட்டாதபடி தபால் பெட்டிகளும் பெயர்ப்பலகைகளும் தாழ்வாக நடப்பட்டுள்ளன.

அப்படியானால் பெருநகரங்களுக்கு அருகில் இவை ஏன் பெருகவில்லை? முதற் காரணம் காணி. ஒரு கிலோமீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்ட ஓடுபாதைப் பகுதிக்கு மட்டும் 10 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கர் தேவை. யாழ்ப்பாணத்துக் கணக்கில் 400 பரப்பு. நகரம் நெருங்க நெருங்க அக்காணியின் விலை ஏறும். அதை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்பதே இலாபம் என்ற எண்ணமும் கூடவே வரும்.

இரண்டாவது, அயலவர். விமான நிலையம் முதலில் வந்திருக்கும். வீடுகள் பின்னர் சூழும். பிறகு முறைப்பாடுகள் தொடங்கும். லொஸ் ஏஞ்சல்ஸ் அருகிலுள்ள சாண்டா மொனிக்கா விமான நிலையம் விமானக் குடியிருப்பு அல்ல. ஆயினும் அதன் கதை இங்கு பொருந்தும். பல்லாண்டு இழுபறிக்குப் பின், 2028 டிசம்பர் 31க்குப் பிறகு அதை மூடுவதற்கு 2017ஆம் ஆண்டு உடன்படிக்கை வழிவிட்டது.

அயலவரின் முறைப்பாட்டை வெறும் பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறிய பிஸ்டன் விமானங்கள் பலவும் இன்னமும் ஈயம் கலந்த பெற்றோலிலேயே பறக்கின்றன. அவை வெளியிடும் ஈயம் பொதுமக்களின் சுகாதாரத்துக்கு ஆபத்தானது என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2023 ஒக்டோபரில் முறைப்படி முடிவு செய்தது. ஈயத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் சிறுவர்களே. விமானம் வைத்திருப்பவரின் வசதிக்கான விலையை, விமானமே இல்லாதவரின் பிள்ளையும் கொடுக்க நேர்கிறது.

புதிதாக ஓடுபாதை அமைக்காமல், ஏற்கனவே இருக்கும் பொது விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே வீடு கட்டி, அதன் ஓடுபாதையைப் பயன்படுத்துவது இன்னொரு வழி. 2012இல் நிறைவேறிய சட்டம் சிறிய பொது விமான நிலையங்களில் இதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. வீட்டுக்காரர் நியாயமான கட்டணம் செலுத்த வேண்டும். ஓடுபாதைக்குச் செல்லும் வழியைத் தம் செலவில் அமைத்துப் பராமரிக்க வேண்டும். வீட்டு வளவில் எரிபொருள் விநியோகம் கூடாது. பொதுப் பணத்தில் உருவான ஓடுபாதை சிலரின் கொல்லைப்புறமாகிவிடக் கூடாது என்பதே இதன் பொருள்.

நகரை அண்டியும் நீடிக்கும் விமானக் குடியிருப்புகள் இல்லாமல் இல்லை. சிகாகோவின் புறநகரான நேப்பர்வில்லில் ஒன்று இயங்குகிறது. அதன் ஓடுபாதை தனியாருக்குச் சொந்தமானது. இதில் பாடம் இருக்கிறது. ஓடுபாதை யாருக்குச் சொந்தம், அதை யார் பராமரிப்பது, இரவில் பறக்கலாமா, சூழவுள்ள காணியில் என்ன கட்டலாம் என்பனவற்றை முதல் வீடு விற்கப்படும் முன்பே உறுதிப் பத்திரத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால், நகரம் வந்து சேரும் நாளில் அவற்றைக் காணி விலையே தீர்மானித்துவிடும்.