இரும்புக்கை மாயாவியை வரைவது எப்படி?

உடம்பே தெரியாத ஒருத்தரை எப்படி வரையறது? இரும்புக்கை மாயாவியை வரைய உட்கார்ந்தா முதல்ல வர்ற டவுட் இதுதான். 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' இதழில் 'ஸ்டீல் க்ளா'வாக அறிமுகமானவர், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழுக்கு வந்துட்டார். மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்துவிடும்; இரும்புக்கை மட்டும் தெரியும்.

அதனால் முகத்தில் காட்ட வேண்டியதை எல்லாம் விரல்களில்தான் காட்டணும். கோபம்னா இறுக மடங்கணும், தயக்கம்னா பாதி விரியணும்.

எங்க பூவத்துல ஒரு அண்ணன் இதை நல்லா வரைவார். புத்தகப் படத்தின் மேல் 1 செ.மீ. கட்டம், சார்ட்டில் 3 செ.மீ. கட்டம். நம்ம இன்ஜினியரிங் டிராயிங்கில் வர்ற 3:1 ஸ்கேல்தான்! கட்டம் கட்டமாகப் பார்த்தால், மனசுல இருக்கிற 'கை'யை வரையாமல் கண்ணில் படும் கோட்டை வரைவோம். உலோகப் பளபளப்புக்கு ஓரத்தில் அடர்கறுப்பு, பக்கத்திலேயே வெறும் வெள்ளை. நடுவில் தேய்க்கக் கூடாது.

வரைந்ததை ஷேர் பண்ணும்போது உங்க கையெழுத்தோட, மாயாவிக்கு முதலில் உருவம் கொடுத்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரையும் போடுங்க. மாயாவியைத் தெரிந்த பலருக்கு அவரைத் தெரியாது.