பட்டறை இழுப்பறைகளுக்குச் சானல் பொருத்தும் முறை

தச்சரும் கருமாரும் கூடி நடத்தும் கூட்டுறவுப் பட்டறையில் உளி, அரம், திருகாணி முதலிய யாவும் சங்கத்தின் பொதுச் சொத்தாகும். இவை ஒரே பெட்டியில் குவிந்து கிடப்பின் உளியின் வாய் மழுங்கும்; தேடுவதில் வேலை நேரமும் வீணாகும். இக்குறையை நீக்க இழுப்பறைகள் அமைந்த அலமாரியே தக்க சாதனம். ஆயினும் இழுப்பறையின் உழைப்பு, அது ஓடும் தடத்தையே பெரிதும் பொறுத்தது. பளுத் தாங்காத தடம் வளைந்து, இரும்புச் சாமான் நிறைந்த பெட்டி ஒருவர் காலில் விழுமாயின், நஷ்டம் பணத்தோடு நின்றுவிடாது.

தடங்கள் மூவகைப்படும். முதலாவது, மரச் சட்டம். இதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். தேக்கு போன்ற உறுதியான மரத்தில் செய்து, தேன்மெழுகு தடவிவந்தால் நெடுங்காலம் உழைக்கும். மழைக்காலத்தில் பலகை அதன் அகலவாட்டில் ஊதுமாதலால், பெட்டிக்கு மேல் சிறிது இடைவெளி விடுதல் அவசியம். பெட்டி முழுதும் வெளியே வந்து விழாதபடி தடுப்புக்கட்டை ஒன்றும் வைக்கவேண்டும். இரண்டாவது, சிறு உருளைகள் கொண்ட ரோலர் சானல். இது விலை குறைந்தது. இலேசான சாமான்களுக்கே ஏற்றது. மூன்றாவது, எஃகுக் குண்டுகளின்மேல் ஓடும் டெலஸ்கோப்பிக் சானல். இதில் முழு நீளமும் வெளியே வரும் வகையைக் கொண்டால், பெட்டியின் பின்மூலையில் உள்ள சாமானும் கண்ணுக்குத் தெரியும்.

சானலின் பளு அளவை வாங்குமுன் கேட்டறிய வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் குண்டுச் சானல்களில் 45 கிலோ தாங்குபவை உண்டு. அவ்வளவு ஒரு ஜோடிக்குரியதேயன்றி ஒவ்வொன்றுக்கும் உரியதன்று. பெட்டியின் எடையும் அதிலேயே அடங்கும். கருமார் பட்டறையில் இரும்புத் தூள் குண்டுகளிடையே புகுந்து அவற்றைத் தேய்த்துவிடும். ஆதலால் அவ்விடத்தில் மரச் சட்டமே மேல்.

சானலை வாங்கிய பின்னரே பெட்டியைச் செய்யவேண்டும் என்பது முக்கிய விதி. பக்கவாட்டில் பொருத்தும் குண்டுச் சானலுக்குப் பக்கத்துக்கு அரை அங்குலம் இடம் தேவை. எனவே அலமாரியின் உள் அகலம் 18 அங்குலமாயின், பெட்டியின் வெளி அகலம் 17 அங்குலமாக இருத்தல் வேண்டும். பெட்டி சற்றுக் குறுகினால் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். அகன்றுவிட்டாலோ சானல் இறுகிப் பெட்டி ஓடாது. சானலின் நீளமும் அலமாரியின் உள் ஆழத்துக்குச் சற்றுக் குறைந்தே இருக்கவேண்டும்.

பொருத்தும்போது சானலின் உட்பகுதியைக் கழற்றிப் பெட்டியின் பக்கத்திலும், மற்றதை அலமாரியின் உட்பக்கத்திலும் பதிக்கவேண்டும். இருபுறமும் ஒரே உயரத்தில் அமைய, ஒரே அளவாக அறுத்த பலகைத் துண்டைக் கீழே நிறுத்தி அதன்மேல் சானலை வைப்பது எளிய வழி. முதலில் நீள்துளைகளில் மட்டும் திருகாணி இட்டுப் பெட்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும். தடையின்றி ஓடிய பிறகே வட்டத்துளைகளில் இட்டு உறுதிசெய்ய வேண்டும். திருகாணியின் தலை துருத்தினால் ஓட்டம் தடைப்படும். அதன் நீளம் பலகையின் கனத்தைக் கடந்தால் முனை மறுபுறம் வெளிப்பட்டுக் கையைக் கிழிக்கும்.

பளுவான சாமான்களை அடிப்பெட்டிகளிலும் இலேசானவற்றை மேலேயும் வைக்கவேண்டும். பல பெட்டிகளை ஒருங்கே இழுத்தால் அலமாரி முன்புறம் சாய்ந்துவிடும். ஆகவே அதைச் சுவரோடு இணைத்துப் பூட்டுதல் இன்றியமையாதது. சானலில் படியும் மரத்தூளை உலர்ந்த தூரிகையால் துடைத்துவந்தால் போதும். எண்ணெய் ஊற்றினால் தூள் ஒட்டிக்கொண்டு பசைபோல் இறுகிவிடும்.

பஞ்சாயத்தார் எல்லாச் சானல்களையும் ஒரே தடவையில் வாங்குதல் வேண்டா. ஒரு ஜோடியை வாங்கி, ஒரு பெட்டியைச் செய்து, அதில் வைக்கவேண்டிய சாமான்களையே நிரப்பிச் சில வாரம் அங்கத்தினர் கையாண்டு பார்க்கட்டும். குறை தென்பட்டால் ஒரு பெட்டியோடு போகும். சங்கத்தின் மூலதனம் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய உழைப்பிலிருந்தும் சேர்ந்ததாகலின், இத்தகைய முன்யோசனை அதற்குச் செய்யும் மரியாதையேயாகும்.