ஓசூர் ரோஜா வீட்டு மேசையில் ஏன் தலை தொங்குகிறது?

ஓசூர் ரோஜாவுக்குப் பேர்போன ஊர். ஏறக்குறைய 3,000 அடி உயரம், இதமான இரவுக் குளிர். பசுமைக்குடில்களில் வளரும் ‘தாஜ்மஹால்’ சிவப்பு ரோஜா, பிப்ரவரி 14-க்கு வெளிநாடு வரை போகிறது. அதே பூ நம் வீட்டு டீப்பாயில் இரண்டாம் நாளே தலை தொங்குவது ஏன்?

ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் தாகம், அவ்வளவுதான். காம்பை நறுக்கியதுமே நீரேற்றும் நுண்குழாய்களில் காற்று புகுந்துவிடுகிறது. குமிழி அடைத்த குழாயில் நீர் ஏறாது. போதாக்குறைக்கு, நீரில் மூழ்கிய இலை அழுகி பாக்டீரியா பெருகி வெட்டுவாயை அடைக்கும். காம்பின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வழவழவென்றிருக்கும். மேலே இலைகளோ நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்று செலவு தொடர்ந்தால், முதலில் துவள்வது பூவுக்குக் கீழேயுள்ள மெல்லிய கழுத்து.

எனவே காம்பை நீருக்குள் வைத்தே ஓரங்குலம் சாய்வாக நறுக்குங்கள். சாய்ந்த வெட்டு ஜாடியின் அடியில் ஒட்டி அடைபடாது. மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சர்க்கரை பூவுக்கு உணவுதான். தனியாகப் போட்டால் பாக்டீரியாவுக்கும் விருந்து. சில சொட்டு எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

மாம்பழ சீசனில் இன்னொரு சிக்கல். கிருஷ்ணகிரி மாம்பழத் தட்டும் ரோஜா ஜாடியும் ஒரே மேசையில் அழகுதான். ஆனால் கனியும் பழம் எத்திலீன் வாயுவை வெளியிடும். பல ரோஜா வகைகளில் அது இதழ் உதிர்வை விரைவுபடுத்தும். படம் எடுத்ததும் பழத்தைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள்.