சிப்காட் பக்கம் யார் எழுதுவது?

திருவள்ளூர் மாவட்டச் செய்திகளுக்குச் சென்னைப் பதிப்புகளில் என்றும் ஒண்டுக்குடித்தனம்தான்.

நாளிதழ் விலை தயாரிப்புச் செலவுக்கே காணாது. சோறு போடுவது விளம்பரம். வீட்டு வாடகை, ஆள்தேவை விளம்பரங்கள் இணையத்துக்குப் போய்விட்டன. இம்மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலோ ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் ஏராளம். டீக்கடையில் கிடக்கும் தமிழ்த் தாளை அவர்கள் ஏன் புரட்டப்போகிறார்கள்? ஊர்ச் செய்தி செல்போனில் அவரவர் மொழியிலேயே வருகிறது.

செல்போனை மட்டும் திட்டவும் முடியாது. 1868இல் பிறந்த சென்னையின் ‘மெயில்’ நாளிதழ் 1981லேயே நின்றுவிட்டது.

சாலை விபத்தின் படத்தை வாட்ஸ்அப் குழு நொடியில் தந்துவிடும். ஆலை விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்து குறிப்பெடுக்க நிருபர்தான் வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, அந்தக் கூட்ட அறிவிப்பை வட்டார மொழி நாளிதழில் வெளியிடுவது இன்றும் கட்டாயம்.