கூடாரத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வது எப்படி? ஜெமினி சர்க்கஸ் குடும்பத்தின் கதை

அக்குறணையில், கண்டி – யாழ்ப்பாணம் ஏ9 வீதியோரம், தந்தை நடத்திய கடையை மகன் பொறுப்பெடுப்பது வழமை. கடை என்றால் கட்டடம் இருக்கும், தெரிந்த வாடிக்கையாளர் இருப்பார்கள். ஆனால் ஓரிடத்தில் கூடாரமடித்து, ஆட்டம் முடிந்ததும் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் சர்க்கஸை ஒரு தந்தை பிள்ளைகளிடம் எப்படி ஒப்படைப்பது? இந்தியாவின் ஜெமினி சர்க்கஸ் அப்படிக் கைமாறிய ஒன்று.

இந்திய சர்க்கஸின் தொடக்கம் ஒரு குதிரைப் பயிற்சியாளரிடம் இருக்கிறது. 1879இல் பம்பாயில் இத்தாலியரான சியாரினியின் சர்க்கஸைப் பார்த்த விஷ்ணுபந்த் சத்ரே, மறு ஆண்டே சொந்தக் குழுவொன்றை அரங்கேற்றினார். பின்னர் அவர் கேரளத்தின் தலச்சேரிக்கு வந்தபோது களரி ஆசான் கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். களரியில் பழகிய உடல்கள் சர்க்கஸுக்குப் பொருந்தும் என்பது இருவருக்கும் புரிந்தது. 1901இல் கீலேரி தலச்சேரி அருகே சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவருடைய மாணவர்கள் கலைஞர்களாகவும் முதலாளிகளாகவும் இந்தியா முழுவதும் பரவினார்கள்.

அவர்களில் ஒருவர் எம்.வி. சங்கரன். சிறுவயதில் கீலேரியிடம் பழகியவர், இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பியதும் எம்.கே. ராமனிடம் மீண்டும் பயிற்சி பெற்று, பார் கம்பிக் கலைஞராகப் பல சர்க்கஸ்களில் வேலை செய்தார். 1951இல் ஒரு பங்காளியுடன் சேர்ந்து, நொடிந்துபோயிருந்த விஜயா சர்க்கஸை வாங்கி, தனது ராசியான மிதுனத்தின் ஆங்கிலப் பெயரையே அதற்குச் சூட்டினார். அதுதான் ஜெமினி. 1977இல் ஜம்போ சர்க்கஸும் சேர்ந்துகொண்டது. பின்னர் நிர்வாகம் மகன்மாரிடம் சென்றது. சங்கரன் 2023 ஏப்ரலில் காலமானார்.

பெயரும் கூடாரமும் லொறிகளும் மகன்மாருக்கு வந்தன. ஆனால் தந்தை காலத்துச் சர்க்கஸை நிறுத்திவைத்திருந்த இரண்டு தூண்கள் அதற்குள் சரிந்துவிட்டன.

முதலாவது, விலங்குகள். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிக்கு வைப்பதற்கு இந்திய அரசு 1998இல் விதித்த தடையை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இரண்டாவது, சிறுவர்கள். எலும்பு இளகியிருக்கும் வயதிலேயே உடலை வளைத்துப் பழக்க வேண்டும் என்பது சர்க்கஸின் பழைய நம்பிக்கை. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏழை வீடுகளிலிருந்து வந்தார்கள். சர்க்கஸ்களில் சிறுவர்கள் அடைத்துவைக்கப்பட்டுத் துன்புறுத்தப்படுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2011இல் உச்ச நீதிமன்றம், சிறுவர்களை சர்க்கஸ் வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டது.

இந்தத் தடைகள்தான் ஒரு கலையைக் கொன்றன என்று சொல்பவர்கள் உண்டு. பார்வையாளர் குறைந்ததும் கலைஞர்கள் வேலையிழந்ததும் உண்மை. ஆனால் ஒரு பிள்ளையைச் சாப்பாட்டுக்காக யாரிடமோ ஒப்படைக்க வேண்டிய நிலை ஒரு தாய்க்கு என்ன செய்யும் என்பதை இடப்பெயர்வையும் முகாம்களையும் கண்ட நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படி வந்த பிள்ளைகளின் உடலில் வளர்ந்த கலையைப் பாரம்பரியம் என்று மட்டும் அழைத்துவிட முடியாது.

கலைஞனின் முதுமை இன்னொரு கேள்வி. உடல் ஒத்துழைக்கும்வரைதான் அவனுக்குச் சம்பளம். ஊர் ஊராக அலைந்தவனுக்குப் பெரும்பாலும் நிலமோ வீடோ சேர்ந்திருப்பதில்லை. கேரள அரசு ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவது அதனால்தான்.

முதலாளி வீட்டில் கூடாரம் அடுத்த தலைமுறைக்குப் போனது. ஊஞ்சலில் தொங்கியவனின் பிள்ளைக்கு என்ன போனது? வளர்ந்தவர்கள் விரும்பி வந்து, நியாயமான சம்பளமும் காப்புறுதியும் பெற்றுச் செய்யும் தொழிலாக சர்க்கஸ் மாறினால்தான் அந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.