எல்லை கடக்கும் நீர்

நுழையும்முன்

நிலத்தில் எல்லைக்கோடு வரைவது மனிதர் செயல். மழையும் ஆறும் காயலும் அக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. ஒரே ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் இரு மாநிலத்து மக்கள், பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் வெள்ளத்தையும் வறட்சியையும் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதைத் தமிழகத்தின் வடக்கெல்லையிலிருந்து காட்டுகிறது இக்கட்டுரை.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் பொதட்டூர்பேட்டை, நெசவாளர் ஊர். தெருவுக்குத் தெரு விசைத்தறியின் ஓசை கேட்கும். எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் நகரியிலும் புத்தூரிலும் கேட்பது அதே ஓசைதான். இரு பக்கத்திலும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை.

1959ஆம் ஆண்டில் இவ்வூரில் பிறந்த குழந்தை, ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் பிறந்த குழந்தை. படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி இயற்றப்பட்ட எல்லை மாற்றச் சட்டம் 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, திருத்தணியும் பள்ளிப்பட்டு வட்டாரமும் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் இதற்குப் பின்னால் இருந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சில ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. எந்த ஊரில் எம்மொழி பேசுவோர் மிகுதி என்பது அன்று கணக்கிடப்பட்டது. எந்த ஊருக்கு எங்கிருந்து நீர் வருகிறது என்பது அப்போராட்டத்தின் கேள்வியாக இல்லை. மொழிவழி மாநிலம் என்பது அக்காலத்தின் நியாயமான வேட்கை. அதில் குறைகாண இடமில்லை. ஆயினும், அன்று கேட்கப்படாத கேள்வி மழைக்காலந்தோறும் இப்பகுதி மக்கள்முன் வந்து நிற்கிறது.

மேலே அணை, கீழே தரைப்பாலம்

வரைபடத்தில் இப்பகுதியின் ஆறுகளைத் தொடர்ந்து சென்றால் பெரும்பாலும் ஆந்திர மலைகளில்தான் போய் முடிவோம். கொசஸ்தலை ஆற்றுக்கு நீர் தரும் ஓடைகள் சித்தூர் மலைகளில் தோன்றுகின்றன. லவா, குசா என்னும் இரு ஆறுகள் பள்ளிப்பட்டு அருகே கூடிக் கொசஸ்தலை ஆவதாக இப்பகுதி மக்கள் கூறுவர். இராமன் மக்களின் பெயரை ஆற்றுக்கு வைத்தவர்கள், அவை பிறந்த இடம் வேறு மாநிலமாகும் என எண்ணியிருக்க மாட்டார்கள். நகரியாறும் ஆந்திரத்தில் பிறந்து பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே கொசஸ்தலையுடன் சேர்கிறது. பின்பு அவ்வாறு எண்ணூரில் கடலைத் தொடுகிறது. ஏறத்தாழ 3,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கொசஸ்தலை வடிநிலத்தில் 877 சதுர கிலோமீட்டர் ஆந்திரத்தில் உள்ளது. பரப்பில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவே. ஆனால், அது மேட்டுப்பகுதி. மேட்டில் இருப்பவர் கையில்தான் மதகின் சாவி இருக்கிறது.

வடக்கே ஓடும் ஆரணியாற்றின் கதையும் இதுவே. ஏறக்குறையப் பாதித் தொலைவு ஆந்திரத்திலும் மீதித் தொலைவு தமிழகத்திலும் ஓடி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக் காயலில் கலக்கிறது. இவ்வாற்றின் குறுக்கே ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை உள்ளது. கொசஸ்தலையின் தலைப்பகுதியில் உள்ளது அம்மப்பள்ளி எனவும் வழங்கும் கிருஷ்ணாபுரம் அணை.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது இவ்வணைகள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. அணையைக் காக்க மதகைத் திறந்தாக வேண்டும். திறந்த சில மணி நேரத்தில் பள்ளிப்பட்டுப் பகுதியின் நெடியம், சாமந்தவாடா தரைப்பாலங்கள் நீரில் மூழ்குகின்றன. ஆரணியாற்றில் வெள்ளம் வந்தால் ஊத்துக்கோட்டையில் போக்குவரத்து துண்டிக்கப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2015 நவம்பர், டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இப்பகுதி மக்கள் இவற்றைக் கண்டனர். தரைப்பாலம் மூழ்கினால் மாணவர் பள்ளிக்குச் செல்ல இயலாது. நூல் ஏற்றிய வண்டி வராது, தறி நிற்கும். பேறுகாலப் பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நெடுந்தொலைவு சுற்றவேண்டும்.

இங்கே பழி சொல்லுதல் எளிது. ‘ஆந்திரம் நீரைத் திறந்துவிட்டது’ என்று வெள்ளக்காலத்தில் கூறுகிறோம்; ‘ஆந்திரம் நீரைத் தேக்கிக்கொண்டது’ என்று கோடைக்காலத்தில் கூறுகிறோம். இரண்டுமே அரை உண்மைகள். நிரம்பிய அணையில் மதகைத் திறக்காதிருந்தால் அணையே உடையக்கூடும். அப்போது அழிவு பன்மடங்காகும். ஆகவே, திறப்பதா வேண்டாவா என்பதைவிட, எத்தனை மணி நேரத்திற்கு முன்னர் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதே உயிர்களைக் காக்கும் கேள்வி. மதகு திறக்கும்முன் ஆந்திர அலுவலர்கள் திருவள்ளூர் மாவட்ட நிருவாகத்திற்குத் தகவல் தருவதும், கரையோர ஊர்களில் எச்சரிக்கை செய்யப்படுவதும் நடைமுறையில் உள்ளன. பெரும்பாலும் அலுவலர்களின் நல்லுறவில் ஓடும் ஏற்பாடு இது. அணைக்கு மேலே பெய்யும் மழையின் அளவும் அணையின் நீர்மட்டமும் மணிக்கு மணி கீழ்ப்பகுதிக்குத் தெரிந்தால், மதகு திறப்பதற்கு அரைநாள் முன்னரே கீழே இருப்பவர் ஆயத்தமாகலாம்.

பருவநிலை மாற்றம் இச்சிக்கலைக் கடுமையாக்குகிறது. காற்றின் வெப்பநிலை 1 பாகை செல்சியசு உயர்ந்தால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அந்நீராவி பெருமழையாகக் குறுகிய காலத்தில் கொட்டுகிறது. மாதம் முழுவதும் பரவிப் பெய்த மழைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட மதகும் பாலமும் இரண்டு நாளில் கொட்டும் மழைக்கு ஈடுகொடுப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூரையும் வெள்ளக்காடாக்கிவிட்டு, டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஒரே புயலை இரு மாநிலங்களும் தனித்தனியே எதிர்கொண்டன.

தெரிந்து தெளிவோம்
டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியைக் குறிக்கும். ஒரு டி.எம்.சி. நீர் ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர்.

ஈந்த நீர்

ஆறுகளைப் பற்றிய செய்தி என்றாலே வழக்கும் சண்டையும்தான் என்னும் எண்ணம் நம்மிடம் உண்டு. அதற்கு மாறான ஒரு வரலாறு ஊத்துக்கோட்டை வழியாகவே ஓடுகிறது.

சென்னையின் குடிநீருக்காகக் கிருஷ்ணா ஆற்று நீரில் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் தர மகாராட்டிரமும் கருநாடகமும் ஆந்திரமும் 1976இல் இசைந்தன. சென்னை, கிருஷ்ணா வடிநிலத்தில் இல்லாத நகரம். அதற்கு அந்நீரின்மீது இயற்கையான உரிமை ஏதுமில்லை. இருந்தும் மூன்று மாநிலங்கள் ஒப்பின. 1983 ஏப்ரலில் முதலமைச்சர்கள் எம்.ஜி.இராமச்சந்திரனும் என்.டி.இராமராவும் தெலுங்கு கங்கைத் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வழியில் ஆவியாகும் 3 டி.எம்.சி. போக, ஆண்டுக்கு 12 டி.எம்.சி. எல்லையில் தமிழகத்திற்குத் தரப்பட வேண்டும்: சூலை முதல் அக்டோபர் வரை 8, சனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஸ்ரீசைலத்தில் எடுக்கப்படும் நீர் சோமசீலா, கண்டலேறு நீர்த்தேக்கங்களைக் கடந்து, சுமார் 150 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லையைத் தொட்டு, அங்கிருந்து பூண்டிக்குச் செல்கிறது. 1996இல் முதன்முதலாக நீர் வந்தது.

ஒப்பந்தத்தில் எழுதியதற்கும் கால்வாயில் ஓடியதற்கும் இடைவெளி உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் 12 டி.எம்.சி. முழுமையாக வந்து சேர்ந்ததில்லை. கால்வாயின் கரைகள் நீரைக் கசியவிட்டன. சத்திய சாயி அறக்கட்டளை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைச் சீரமைத்துக் கொடுத்தது. வழியிலுள்ள உழவர்களுக்கும் அதே நீர் தேவைப்பட்டது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன; சோலார்ப்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அப்போது கண்டலேற்றிலும் நீர் குறைவாகவே இருந்தது. வறட்சி என்பது ஒரு பக்கத்தை மட்டும் தாக்குவதன்று. நிறைவான ஆண்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஒப்பந்தம், பற்றாக்குறையை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சொல்லியாக வேண்டும். மழை நிலையற்றதாகிவரும் காலத்தில் பழைய ஒப்பந்தங்களில் புதிதாகச் சேர்க்கவேண்டிய வரி இதுவே.

கண்ணுக்குத் தெரியாத நீரும் உண்டு. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடைப்பட்ட மணற்படுகைகள் நிலத்தடி நீரின் களஞ்சியம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நெடுங்காலம் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் சுமார் 3 கிலோமீட்டர் வரை புகுந்திருந்த கடல்நீர், பின்னர் 10 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்தடியில் முன்னேறியது. இதற்கு ஆந்திரத்தைக் குறைகூற முடியாது, இறைத்தவர் நாமே. ஆற்றில் நீர் தொடர்ந்து ஓடினால் மணற்படுகை நிரம்பிக் கடல்நீரை எதிர்த்துத் தள்ளும். ஆகையால், தடுப்பணை கட்டி நீரைத் தேக்குவதும் மணற்கொள்ளையைத் தடுப்பதும் நம் பொறுப்பு. ஆற்றில் ஓரளவேனும் நீர் வருவது மேலே இருப்பவரைச் சார்ந்தது.

இந்நிலையில், சித்தூர் மாவட்டத்தில் கொசஸ்தலைமீது இரண்டு புதிய நீர்த்தேக்கங்களைக் கட்ட ஆந்திரம் திட்டமிட்டதை எதிர்த்து, 2022 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். கீழ்ப்பகுதி மாநிலத்தைக் கலந்து பேசாமல் இத்தகைய பணி கூடாது என்பதே அதன் சாரம். சித்தூர் உழவர்க்கும் நீர் வேண்டும் என்பதில் ஐயமில்லை. இருதரப்பும் அமர்ந்து பேச நிலையான மன்றம் இருந்திருந்தால், அச்செய்தி நாளிதழ் வழியே வந்து சேர்ந்திருக்க வேண்டியதில்லை. அத்தகைய மன்றத்திற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. 1956இல் ஆற்று வாரியங்கள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் இதுவரை ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை. அதே ஆண்டில் பிறந்த மாநிலங்களுக்கிடையேயான நீர்த்தகராறுகள் சட்டமோ ஓயாது பயன்படுகிறது.

பிற நாடுகளில் வேறு வழிகளும் கண்டனர். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றைப் பகிரும் மாலி, மவுரித்தேனியா, செனகல் நாடுகள் 1972இல் ஒரு கூட்டமைப்பை நிறுவின. மாலியின் மண்ணில் நிற்கும் மனந்தாலி அணை மாலிக்கு மட்டும் உரியதன்று, அது பொதுச்சொத்து. மேக்கொங் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள சீனா, கீழ்ப்பகுதி நாடுகளின் ஆணையத்திற்கு வெள்ளக்கால நீர்மட்டத் தகவலைத் தர 2002இல் இசைந்தது. 2020இல் அது ஆண்டு முழுவதற்கும் விரிந்தது. ஐயமும் பிணக்கும் அங்கே தீர்ந்தபாடில்லை. ஆனாலும், எண்கள் கைமாறுகின்றன.

காயலும் பாடும்

ஆரணியாறு சென்று சேரும் பழவேற்காடு, சிலிகாவிற்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே தமிழகத்தில் உள்ளது. வடக்கே, ஆந்திரப் பகுதி ஆழம் குறைந்தது. காலங்கியாற்றின் நன்னீர் அங்கேதான் கலக்கிறது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக இறங்கி இரைதேடுவதும் அங்கே மிகுதி. தெற்கே, தமிழகப் பகுதியில் பழவேற்காட்டு முகத்துவாரம் இருக்கிறது. கடலிலிருந்து இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் அவ்வழியே காயலுக்குள் நுழைகின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் தமிழக மீனவர் மட்டுமன்றி ஆந்திர மீனவரும் இழக்கின்றனர். ஆந்திரத்தில் நன்னீர் வரத்துக் குன்றினால் இங்கே உப்பு மிகும். கும்மிடிப்பூண்டியின் சிப்காட்டும் எல்லைக்கப்பால் சத்தியவேட்டின் ஸ்ரீசிட்டியும் காயலுக்கு மேற்கே அடுத்தடுத்து வளர்ந்துவிட்டமையால், கழிவுநீர்க் கண்காணிப்பையும் இனித் தனித்தனியே செய்து பயனில்லை. காயலின் ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் புகலிடமாயின. ஒரே நீர்நிலைக்கு இரண்டு அறிவிப்புகள், இரண்டு வனத்துறைகள். ஒரே மாநிலத்தில் அமைந்த சிலிகாவிற்கு ஒடிசா தனி ஆணையம் அமைத்தது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டபின் அங்கு மீன்வளம் மீண்டது. பழவேற்காட்டிற்கு அத்தகைய பணியை ஒரு மாநிலம் தனித்துச் செய்ய இயலாது.

மீன்பிடி எல்லை குறித்து இங்கே இருமாநில மீனவரிடையே மோதல்களும் நிகழ்ந்துள்ளன. ஆனால், பங்கிடும் கலையும் இக்காயலுக்குப் புதிதன்று. பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என்றொரு முறையைத் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்டு வருகின்றனர். இறால் பிடிக்கச் சுத்துவலை கட்டும் நல்ல இடங்கள் சிலவே. அவற்றை வலியவர் பிடித்துக்கொள்ள விடாமல், ஊர்க்கூட்டத்தில் சீட்டுப்போட்டு, யாருக்கு எந்நாளில் எந்த இடம் என வகுத்துக்கொள்கின்றனர். இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை அதை மற்றவருக்கு விட்டுத்தர வேண்டும். பாட்டை மீறி வலை கட்டியவரை விசாரிப்பதும் தண்டம் விதிப்பதும் அந்த ஊர்க்கூட்டமே.