லம்பாடிப் பூத்தையல் பைகள்

லம்பாடிப் பூத்தையல் பைகள் என்பவை, லம்பாடி மக்களின் கைத்தையல் வேலைப்பாடு கொண்ட துணிகளால் செய்யப்படும் கைப்பைகள், தோள்பைகள், பணப்பைகள் ஆகியவற்றைக் குறிக்கும். இவை இரு வகைப்படும். பழைய பாவாடை, இரவிக்கை, முக்காடு ஆகியவற்றை வெட்டித் தைக்கப்படுபவை ஒரு வகை. புதிய துணியில் பூத்தையல் இட்டுச் செய்யப்படுபவை மற்றொரு வகை. உழைத்தவருக்குப் பணம் சென்று சேரும் வழி இவ்விரண்டிலும் வேறுபடுகின்றது.

பின்னணி

லம்பாடிகள் பஞ்சாரா, லம்பானி, சுகாலி எனவும் அழைக்கப்படுகின்றனர். இவர்களின் மொழி இந்திய-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. இராசத்தானி மொழிகளுக்கு நெருக்கமானது. இவர்கள் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றிச் சென்று விற்ற வணிகர்கள் ஆவர். தக்காணத்தில் போரிட்ட முகலாயப் படைகளுக்கும் தானியம் வழங்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில் தொடருந்துப் பாதைகளும் உப்பின் மீதான அரசுக் கட்டுப்பாடும் இத்தொழிலை அழித்தன. அதன் பின்னர் பலர் 'தாண்டா' எனப்படும் குடியிருப்புகளில் தங்கி, வேளாண் கூலிகளாயினர்.

பூத்தையலின் இயல்பு

பெண்களின் மரபு உடையில் பேட்டியா என்னும் பாவாடையும், காஞ்சளி என்னும் முதுகு திறந்த இரவிக்கையும், முக்காடும் அடங்கும். அவுரி நீலம், மஞ்சிட்டிச் சிவப்பு ஆகிய நிறங்களில் அமைந்த முரட்டுப் பருத்தித் துணியில் கண்ணாடிச் சில்லுகள், சோழிகள், நாணயங்கள், நூற்குஞ்சங்கள் ஆகியவை பதிக்கப்படும். கருநாடகத்தின் சண்டூர் பகுதியில் கீலன், வேலே, பக்யா, மாகி உள்ளிட்ட 14 வகைத் தையல்கள் வழங்குகின்றன. பழைய துணித்துண்டுகளை ஒட்டித் தைப்பது இம்மக்களுக்குப் புதியதன்று. வெற்றிலை பாக்கு வைக்கும் சிறு பைகளும் இவர்களின் மரபுப் பொருட்களே.

பழைய உடையிலிருந்து பை

புடவை அணியும் வழக்கம் பரவியதும் மரபு உடைகள் பல வீடுகளில் பெட்டிக்குள் சென்றன. இடைத்தரகர்கள் தாண்டாக்களில் அவற்றை வாங்கி நகரங்களுக்குக் கொண்டு சென்றனர். தில்லியின் ஜன்பத், கோவாவின் அஞ்சுனா சந்தை ஆகிய இடங்களில் சுற்றுலாப் பயணிகள் இவற்றை வாங்குகின்றனர். பை செய்பவர் கிழிந்த பகுதிகளை ஒதுக்கி, வேலைப்பாடு அடர்ந்த பகுதியை வெட்டி எடுத்து, பின்புறம் கனத்த துணி கொடுத்து, உள்துணியும் ஜிப்பும் பொருத்துகின்றார்.

ஒரே மாதிரியான இரு பைகள் கிடைப்பதில்லை என்பதே இவற்றின் கவர்ச்சியாகும். துணி வீணாவதும் தவிர்க்கப்படுகின்றது. ஆயினும் பையின் மதிப்பில் பெரும்பகுதி பூத்தையலால் வருவது. அதனைத் தைத்த பெண்ணுக்கோ பை விற்பனையில் பங்கில்லை. அவர் பல ஆண்டுகளுக்கு முன் தமக்காக அதனைத் தைத்தவர். இன்று உயிருடன் இல்லாமலும் இருக்கலாம். எனவே பையைத் தைத்தவருக்கு நல்ல கூலி கொடுத்தால் மட்டும் அது நியாய வணிகமாகிவிடுமா என்னும் கேள்வி எழுகின்றது. உடையை விற்ற குடும்பம் பெற்ற விலையையும் கணக்கில் கொள்ள வேண்டியுள்ளது.

சிட்டிலிங்கி

தமிழ்நாட்டில் தர்மபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடித் தாண்டாக்கள் உள்ளன. 1993 முதல் இங்கு இயங்கும் பழங்குடியினர் நல முயற்சி என்னும் மருத்துவ அமைப்பின் துணையுடன், 2000களில் 'போர்கை' என்னும் கைவினைஞர் அமைப்பு உருவானது. இச்சொல்லுக்கு லம்பாடி மொழியில் 'பெருமை' என்பது பொருள். அப்போது இளம்பெண்களுக்குப் பூத்தையல் தெரிந்திருக்கவில்லை. அதனை நினைவில் வைத்திருந்த மிகச்சில மூத்த பெண்களே மற்றவர்களுக்குக் கற்பித்தனர்; எஞ்சியிருந்த பழைய உடைகள் பாடநூலாக உதவின. இன்று புதிய பருத்தித் துணியில் பைகள், உடைகள், தலையணை உறைகள் முதலியன செய்யப்படுகின்றன. பள்ளத்தாக்கில் இயற்கை வேளாண்மையில் விளையும் பருத்தியும் இதற்குப் பயன்படுகின்றது.

பழைய உடைகள் அனைத்தும் முன்பே வெட்டப்பட்டிருந்தால் இம்மீட்பு மிகவும் கடினமாகியிருக்கும். மறுபயன்பாட்டைப் பொதுவாக நன்மை எனக் கருதுவோர் கவனிக்க வேண்டிய செய்தி இது. கிழிந்த உடையைப் பையாக்குவதும் முழு உடையை வெட்டுவதும் ஒன்றல்ல.

சட்டப் பாதுகாப்பு

சண்டூர் லம்பானிப் பூத்தையல் 2010 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. 2023 சூலையில் அம்பியில் நடந்த ஜி20 கூட்டத்தின்போது, 450க்கும் மேற்பட்ட பெண்கள் செய்த 1,755 பொருட்களின் காட்சி கின்னசு சாதனையானது. புவிசார் குறியீடு பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும். ஆனால் தைப்பவரின் கூலியை நிர்ணயிக்காது.

பிற நாடுகளில்

குவாத்தமாலாவின் மாயா பெண்கள், இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் 'வீப்பில்' என்னும் மேலாடையை நெய்கின்றனர். ஊருக்கு ஊர் அதன் கோலம் மாறும். பழைய வீப்பில்களை வெட்டிச் செய்யும் பைகள் உலகெங்கும் விற்கப்படுகின்றன. தம் கோலங்களைப் பிறர் எடுத்துப் பயன்படுத்துவதை எதிர்த்து மாயா நெசவாளர்கள் வழக்குத் தொடர்ந்தனர். 2017 ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், இதற்குரிய சட்டத்தை இயற்றுமாறு நாடாளுமன்றத்தை வலியுறுத்தியது.

இவற்றையும் பார்க்க

பஞ்சாரா மக்கள்
நியாய வணிகம்
புவிசார் குறியீடு
தோடர் பூத்தையல்